மல்லோரி வாத்தியாரின் ஊர்கள்

ஜார்ஜ் மல்லோரி என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். எவரெஸ்ட்டில் ஏன் ஏறுகிறீர்கள் என்று கேட்டதற்கு "அது அங்கே இருக்கிறதே" என்று பதில் சொன்னவர், 1924 ஜூன் 8 அன்று உச்சிக்குப் பக்கத்தில் மேகத்துக்குள் மறைந்தவர், தொட்டாரா தொடவில்லையா என்று நூறு வருடமாக ஓயாத சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. மனிதர் பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. அவர் மலைக்கு வெளியே வாழ்ந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் அவர் பிறந்த ஊர். இங்கிலாந்தில் மான்செஸ்டரிலிருந்து செஸ்டர் போகும் ரயிலில் ஏறி மொபர்லியில் இறங்க வேண்டும். சின்ன ஸ்டேஷன், இறங்கினால் வயல்தான். அங்கிருந்து செயின்ட் வில்ஃப்ரிட் சர்ச்சுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், நடக்கும்போதே தலைக்கு மேல் மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்கான விமானங்கள் போய்க்கொண்டிருக்கும். மல்லோரியின் அப்பா இந்த ஊர்ப் பாதிரியார். 1886இல் இங்கேதான் இவர் பிறந்தார். ஏழு வயதில் ஏதோ சேட்டை செய்ததற்காக அறைக்குப் போ என்று அனுப்பினார்களாம், சற்று நேரத்தில் பார்த்தால் பையன் சர்ச் கூரை மேல் நிற்கிறான். அறைக்குப் போகத்தானே சொன்னோம் என்று கேட்டதற்கு, போனேனே, தொப்பி எடுக்க, என்றானாம். அந்தக் கூரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் எனக்கே கால் கூசுகிறது.

உள்ளே அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி சன்னல் இருக்கிறது. புனித ஜார்ஜும், ஆர்தர் மன்னர் கதை வீரர்களுமாக ஒரே கவசமயம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் தேடிப்போன வாத்தியார் அதில் இல்லை. மண்ணுக்கும் விண்ணுக்கும் நடுவே மனிதர் கண்ணிலிருந்து மறைந்தார் என்கிற ரீதியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, மூணு சின்னப் பிள்ளைங்கள விட்டுட்டு மூணு தடவை அந்த மலைக்குப் போனவரையா நல்ல குடும்பஸ்தன்னு சொல்லிட்டே வந்தீங்க?"

சரியான கேள்வி. கோடல்மிங் போகிற வரைக்கும் அது என்னை விடவில்லை.

கோடல்மிங் லண்டனுக்குத் தென்மேற்கே சரே கவுன்டியில் இருக்கிறது, வாட்டர்லூவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயில் கொண்டுவந்து விட்டுவிடும். குன்றின் மேல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி. நினைத்தபோது உள்ளே போய்ச் சுற்றுகிற இடமல்ல, வெளியே நின்று கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 1910இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர் 1921 வரை, நடுவில் முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக்குப் போன காலம் தவிர, இதே பள்ளிதான். பார்க்க அவ்வளவு சின்னப் பையனாக இருந்ததால் மாணவன் என்றே பலர் நினைத்துவிடுவார்களாம். வகுப்பைக் கட்டி மேய்க்கத் தெரியாதவர் என்று பெயர். அதட்டாமல் தோழன் மாதிரிப் பேசினால் அந்தக் காலப் பையன்கள் குழம்பிப்போனார்கள், அவ்வளவுதான். குழம்பாத பையன்களும் இருந்தார்கள். பின்னாளில் பெரிய கவிஞரான ராபர்ட் கிரேவ்ஸ் அவரிடம் படித்தவர். ஓய்வு நேரமெல்லாம் வாத்தியார் அறையில் புத்தகமும் கையுமாகக் கிடப்பார், விடுமுறையில் வேல்ஸ் மலைகளுக்கு அவரைக் கூட்டிப்போய்ப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்ததும் மல்லோரிதான். 1918இல் கிரேவ்ஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரும் இதே வாத்தியார். எந்த வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டும்?

ஆற்றங்கரையில், ஊர் சர்ச்சுக்குப் பக்கத்தில், ஜாக் பிலிப்ஸ் நினைவு மண்டபம் இருக்கிறது. டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது கடைசிவரை தந்தி அடித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன். மண்டபத்தை வடிவமைத்தவர் தாக்கரே டர்னர், மல்லோரியின் மாமனார்! அவர் மகள் ரூத்தைத்தான் 1914 ஜூலை 29 அன்று இவர் கட்டிக்கொண்டார். ஆறே நாளில் பிரிட்டன் போரில் இறங்கியது. ஆல்ப்ஸ் தேனிலவு போச்சு. உள்நாட்டிலேயே கடற்கரையோரம் கூடாரம் போட்டுச் சுற்றிய புதுமணத் தம்பதியை ஜெர்மன் உளவாளிகள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்ததாக ஒரு கதை உண்டு.

கிளேர், பெரிட்ஜ், ஜான் என்று மூன்று பிள்ளைகள். 1921, 1922, 1924 என்று மூன்று எவரெஸ்ட் பயணங்கள். 1922இல் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள், அன்று முன்னால் போனவர் இவர், தன்னுடைய தவறு என்று ரூத்துக்கே எழுதினார். அப்புறம் கேம்பிரிட்ஜில் பெரியவர்களுக்கான பாட வகுப்புகள் நடத்தும் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே குடியேறி, இனி வீட்டோடு இருக்கலாம் என்கிற நேரத்தில் மறுபடி அழைப்பு. 1924 மார்ச்சில் ரூத் எழுதிய ஒரு கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. நான் அடிக்கடி கோபப்பட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் எனக்கு இவ்வளவு கொஞ்சமாகக் கிடைத்ததுதான் அதற்குக் காரணம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். என் மனைவியின் கேள்விக்கு இதைத்தான் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "பாவம் அந்தம்மா" என்றாள், மல்லோரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அன்பு பொய்யில்லை, ஆனால் அந்த அன்புக்கு விலை கொடுத்தது வீட்டில் இருந்தவர்கள்.

மறைந்தபோது அவருக்கு 38 முடியப் பத்து நாள் பாக்கி. செய்தி வந்ததும் ரூத் பிள்ளைகளைத் தன் படுக்கையில் சேர்த்துப் படுக்கவைத்துச் சொன்னார், எல்லோரும் சேர்ந்து அழுதோம் என்று மூத்தவள் கிளேர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தக் கிளேர் கட்டிக்கொண்டது க்ளென் மில்லிகன் என்ற விஞ்ஞானியை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்ஸிமீட்டர், அதன் முன்னோடியைக் காதில் மாட்டுகிற கருவியாகச் செய்தவர். 1947இல் அவரும் அமெரிக்காவில் மலையேறும்போது இறந்துபோனார். மல்லோரியின் தம்பி டிராஃபோர்ட் விமானப்படைத் தளபதி, 1944இல் தென்கிழக்காசியப் பொறுப்பேற்கக் கிளம்பியவரின் விமானம் ஆல்ப்ஸில் மோதியது. அந்தக் குடும்பத்துக்கும் மலைக்கும் என்ன கணக்கோ.

1999 மே 1 அன்று 8,155 மீட்டர் உயரத்தில் அவர் உடல் கிடைத்தது. சட்டைப் பையில் பனிக் கண்ணாடி, பேனாக்கத்தி, கத்தரிக்கோல், தீப்பெட்டி, உறவினர் கடிதங்கள். ஒரு கடித உறை மேல் ஆக்சிஜன் குடுவைகளின் அழுத்தக் கணக்கு. உச்சியில் வைப்பதாகச் சொல்லி எடுத்துப்போன ரூத்தின் படம் இல்லை. அதை வைத்துக்கொண்டு உச்சி தொட்டார் என்பவர்கள் உண்டு, எனக்கு அது போதாது. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த பேரன், அவர் பெயரும் ஜார்ஜ் மல்லோரிதான், 1995இல் எவரெஸ்ட் ஏறித் தாத்தா பாட்டி படத்தை அங்கே வைத்துவிட்டு வந்தார்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மொபர்லி சர்ச் பூட்டியிருக்கலாம், திறந்திருக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் மக்டலின் கல்லூரி 2024இல் இணையத்தில் இலவசமாக ஏற்றியிருக்கும் அவர் கடிதங்களைக் கொஞ்சம் படியுங்கள். கையெழுத்து பிடிபட நேரமாகும், பிரான்ஸ் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களே ஏராளம். நான் இன்னும் பிரான்ஸைத் தாண்டவில்லை.