கொருக்குப்பேட்டை முதல் மீஞ்சூர் வரை, ஜன்னலோரம்

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலைப் பிடித்தபோது காலை ஏழு மணி. மே மாத ஞாயிறு, அதனால் ஜன்னலோர இடம் கிடைத்தது. மீஞ்சூரில் இறங்கி மாமா ஊருக்குப் போக வேண்டும். வழக்கமாகத் தூங்கிவிடுவேன். இந்த முறை வழியில் எவ்வளவு பச்சை கண்ணில் படுகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

விம்கோ நகர் வரை பெரிதாக ஒன்றுமில்லை. தண்டவாளத்தை ஒட்டி எருக்கு, ஆமணக்கு, வேலிக்காத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றிரண்டு பூவரசு, இலையெல்லாம் பழுப்புப் பூச்சு. இலை மூச்சு விடுவதும் வெயிலை வாங்கிச் சமைப்பதும் அந்தப் பரப்பில்தான். தூசு படிந்தால் இரண்டும் குறையும். மரம் நிற்கிறது, அடுப்பு மட்டும் சிம்மில் எரிகிறது.

எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை விட்டுக் கீழே பார்த்தால் சேற்றில் அலையாத்தி. அதன் மூச்சு வேர்கள் ஆணி அடித்தது போலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தபோது, தப்பவில்லை அந்த வேர்களும்.

மாமா திண்ணையில் நவரை நெல் மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பாதி பறந்துவிட்டது.

“பாரு மாப்ளே, எல்லாம் பதரு.”

“தண்ணி பத்தலையா மாமா?”

“தண்ணி கெடக்குது. வாயில வச்சுப் பாரு, கரிக்குது.”

கரித்தது. 1960களின் கடைசியிலிருந்து சென்னையின் தாகத்துக்கு மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை உறிஞ்சினோம். நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. உப்பு நீரில் நிற்கிற நெல்லின் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. நகரம் வயலை விழுங்குவது என்றால் மனைக்கல் நடுவது என்றுதான் நினைத்திருந்தேன். கல் நடாத வயலையும் குழாய் வழியாகக் குடித்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன் என்பதால் மாமாவிடம் இதைப் பேசக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

காற்றில் கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் இலை கொஞ்சம் கூடுதலாகச் சமைக்கும் என்பது உண்மை. ஆனால் அரிசி மட்டும் இருந்தால் சோறாகிவிடுமா? உலை வைக்க நல்ல தண்ணீர் வேண்டாமா?

மாமாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. “முன்னெல்லாம் ராத்திரி குளுந்துடும், இப்ப விடிய விடியப் புழுங்குது.” இது வெறும் புலம்பல் இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள்: கோடைப் பட்டத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பகலில் சம்பாதித்ததைப் பயிர் ராத்திரி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. சூடு கூடினால் செலவும் கூடுகிறது என்பது ஒரு காரணம். குளிர் நாட்டு நகரங்களில் கான்கிரீட் சூட்டால் மரங்கள் சீக்கிரமே துளிர்க்குமாம். துளிர்க்கட்டும். நமக்கு ஏது அந்தக் குளிர்காலம்?

அத்தை கொடுத்த முருங்கைக்காய்க் கட்டோடு சாயங்கால வண்டியில் திரும்பினேன். இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் கை வைத்தேன். இன்னும் தோசைக்கல் மாதிரி சுட்டது. சுவரை ஒட்டியிருந்த கறிவேப்பிலைத் தொட்டியை நடு மாடிக்கு இழுத்து வைத்தேன்.