ஸ்டென்ட் உலோகம்: எஃகா, கோபால்ட் குரோமியமா, பிளாட்டினம் குரோமியமா? கேத் லேப் மேசையில் முடிவெடுக்கும் முறை

2001-ல் வெளியான இசார்-ஸ்டீரியோ ஆய்வில் ஒப்பிட்ட இரண்டு ஸ்டென்ட்களும் (அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து தாங்கும் கம்பிவலைக் குழாய்கள்) துருப்பிடிக்காத எஃகால் ஆனவை, ஏறத்தாழ ஒரே வடிவமைப்பு கொண்டவை. ஒன்றின் கம்பி 50 மைக்ரான், மற்றதன் கம்பி 140 மைக்ரான். பின்னாளில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தபோது மெல்லிய கம்பி வைத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், தடித்த கம்பி வைத்தவர்களில் 25.8 விழுக்காட்டினருக்கும் மறுஅடைப்பு வந்திருந்தது. மருந்து பூசாத ஸ்டென்ட்களின் காலம் அது. உலோகத்தை மாற்றாமலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், "எந்த உலோகம் நல்லது?" என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எந்த உலோகம் கம்பியை மெலியவிட்டும் வலுவை விடாமல் இருக்கிறது, எக்ஸ்ரேயில் கண்ணுக்கும் தெரிகிறது? ஆஞ்சியோவும் ஸ்டென்ட் சிகிச்சையும் செய்யும் கேத் லேபில் உறையைப் பிரிக்குமுன் நாங்கள் பார்ப்பது இதைத்தான்.

தடித்த கம்பி ரத்த ஓட்டத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் பின்புறம் ஓட்டம் சுழன்று தேங்குகிறது, அங்கே தட்டணுக்கள் ஒட்டுகின்றன. உட்சுவர்ச் செல்கள் கம்பியை ஏறி மூடவும் கூடுதல் நாளாகும். ஆய்வகச் சோதனை ஒன்றில் 162 மைக்ரான் கம்பி, 81 மைக்ரான் கம்பியைப் போல ஒன்றரை மடங்கு உறைவை உண்டாக்கியது.

அப்படியானால் எஃகையே இழைத்து மெலிதாக்கிவிடலாமே என்று தோன்றும். மெலிந்த எஃகுக்கு நாளத்தைத் தாங்கிப்பிடிக்கும் பலம் குறைகிறது, ஃபுளோரோ என்ற நேரடி எக்ஸ்ரே திரையில் தெரியவும் மாட்டேன் என்கிறது. ஸ்டென்ட்டுக்குப் பயன்படும் 316 எல் எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 8 கிராம். பருத்த உடல்வாகு உள்ளவரைச் சாய்கோணத்தில் படமெடுத்தால் மெல்லிய எஃகு ஸ்டென்ட் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். பலூனின் இரண்டு மார்க்கர் புள்ளிகளை வைத்துத்தான் இடத்தைக் கணிக்க வேண்டும். முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டான சைஃபரின் எஃகுக் கம்பி 140 மைக்ரானில் நின்றதற்குப் பின்னணி இதுதான்.

கோபால்ட் குரோமியம் இந்த முடிச்சை அவிழ்த்தது. எல்605 என்ற கலவையில் கோபால்ட்டோடு 20 விழுக்காடு குரோமியம், 15 விழுக்காடு டங்ஸ்டன், 10 விழுக்காடு நிக்கல் இருக்கின்றன. அடர்த்தி 9.1. மீள்தன்மைக் கெழு, அதாவது உலோகத்தின் விறைப்பு, எஃகில் ஏறத்தாழ 193 கிகாபாஸ்கல் என்றால் இதில் 243. அதனால் ஸையன்ஸ் என்ற மருந்து ஸ்டென்ட்டில் கம்பி 81 மைக்ரானுக்கு இறங்கியது. ஆர்சிரோ என்ற இன்னொன்றில் 3 மி.மீ. வரையுள்ள அளவுகளில் 60 மைக்ரான்தான், அதற்கு மேல் 80. 2017-ல் வந்த பயோஃபுளோ-5 ஆய்வில் ஓராண்டு முடிவில் சிகிச்சை செய்த இடத்தில் தோல்வி ஆர்சிரோவில் 6 விழுக்காடு, ஸையன்ஸில் 10. இரண்டும் கோபால்ட் குரோமியம் என்பதைக் கவனியுங்கள். பாலிமரும் (மருந்தைப் பிடித்து வைக்கும் பூச்சு) மருந்தும் வேறு என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் தடிமன் கணக்கில் எழுதிவிடவும் முடியாது.

பிளாட்டினம் குரோமியம், பெயருக்கு மாறாக, இரும்பை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 37 விழுக்காடு இரும்பு, 33 பிளாட்டினம், 18 குரோமியம், 9 நிக்கல், மீதி பெரும்பாலும் மாலிப்டினம். அடர்த்தி 9.9 என்பதால் 74 மைக்ரான் கம்பியும் திரையில் பளிச்சென்று விழும். ரிசல்யூட் ஆனிக்ஸ் என்ற ஸ்டென்ட் வேறு வழியில் போகிறது: வெளியே கோபால்ட் கலவை, நடுவே பிளாட்டினம்-இரிடியம் உள்ளீடு. கம்பி ஏறக்குறைய அதே 81 மைக்ரான்தான், ஆனால் படத்தில் துலக்கம் கூடுகிறது. திரையில் தெரிவதற்காகத் தங்கம் பூசிப் பார்த்த காலமும் உண்டு. தெரிந்ததென்னவோ உண்மைதான், மறுஅடைப்பும் கூடவே கூடியதால் அது கைவிடப்பட்டது.

எஃகு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. பாலிமர் இல்லாத பயோஃப்ரீடம் என்ற மருந்து ஸ்டென்ட் எஃகில்தான் வந்தது. ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை ஒரே மாதம் கொடுத்து, அதை மருந்து பூசாத ஸ்டென்ட்டோடு ஒப்பிட்ட 2015-ன் லீடர்ஸ் ஃப்ரீ ஆய்வில் அது வென்றது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நைட்டினால் இன்று பெரும்பாலும் கால் தமனிகளுக்கானது, இதயத்தில் அரிது. கரையும் மெக்னீசியத்தில் செய்த மேக்மாரிஸ் ஸ்டென்ட்டின் கம்பி 150 மைக்ரான். உலோகம் ஏறத்தாழ ஓராண்டில் கரைகிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது, முனைகளில் உள்ள டாண்டலம் புள்ளிகள் மட்டுமே தெரியும். பெயரளவுக்கு (உறையில் குறித்த விட்டம்) மேல் 0.6 மி.மீ.க்கு அதிகமாக விரித்தால் முறியலாம். சுண்ணாம்பு படிந்த நாளத்துக்கு அதை நாங்கள் நினைப்பதில்லை.

இனி மேசைக்கு வருவோம். உலோகத்தைத் தேர்வதற்கு முன் நாளத்தைத் தயார் செய்வதுதான் பாதி வேலை. வழிகாட்டும் 0.014 அங்குல வயரை அடைப்புக்கு அப்பால் கடத்தி, நாள விட்டத்துக்குச் சமமான, அழுத்தத்துக்கு விட்டம் விரியாத பலூனை முதலில் ஊதுகிறோம். பலூனின் இரு முனையும் புடைத்து நடுவில் உடுக்கையின் இடைபோல் இறுகி நின்றால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அந்த இடுப்பு அவிழாமல் எந்த உலோக ஸ்டென்ட்டையும் வைக்கக் கூடாது. விரியாமல் உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்டென்ட்டை வெளியே எடுக்க வழி இல்லை, அதற்குள் ரத்தம் உறையும் வாய்ப்போ மிக அதிகம். நாளத்துக்குள் ஒளியால் எடுக்கும் ஓ.சி.டி. படத்தில் சுண்ணாம்பு 180 பாகைக்கு மேல் சுற்றியிருந்து, தடிப்பு 0.5 மி.மீ.க்கு மேலாகவும் நீளம் 5 மி.மீ.க்கு மேலாகவும் இருந்தால், வெறும் பலூனை நம்பாமல் சுண்ணாம்பை அரைக்கும் ரோட்டா பர் அல்லது அதை உடைக்கும் அதிர்வலை பலூனுக்குப் போய்விடுவது நல்லது. அதிர்வலை பலூனை நாள விட்டத்துக்கு ஒன்றுக்கொன்று அளவில் எடுத்து, 4 வளிமண்டல அழுத்தத்தில் ஊதி 10 துடிப்பு கொடுத்து, பிறகு 6 அழுத்தத்துக்கு ஏற்றி இறக்க வேண்டும்.

நாளம் திறந்த பிறகு இடத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது. வளைந்து நெளிந்த சிறு நாளமா? மெல்லிய கோபால்ட் குரோமியம் சுலபமாக வளைந்து போய்ச் சேரும். மகாதமனியிலிருந்து கிளம்பும் வாயா? அங்கே ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டினாலும் தொல்லை, உள்ளே தள்ளி நின்றாலும் வாய் மூடாமல் போகும். துல்லியம் வேண்டிய அந்த இடத்தில் பிளாட்டினம் கலந்தவற்றின் துலக்கம் கைகொடுக்கிறது. இடது பிரதானத் தமனியில் உலோகத்தின் பெயரைவிட, அந்த மாடலை எவ்வளவு வரை விரிக்கலாம் என்பதே முக்கியம். ஸையன்ஸில் 3.25 மி.மீ. வரையுள்ளவை 3.75 வரை மட்டுமே விரியும், 3.5-உம் 4-உம் 5.5 வரை போகும். 3.25-ஐ 4.5 மி.மீ. நாளத்தில் வைத்துவிட்டுப் பெரிய பலூனால் சமாளிக்கலாம் என்று நினைத்தால் வளையங்கள் நேராகி வலுவிழக்கும், கம்பி சுவரில் ஒட்டாமல் மிதக்கும்.

பிளாட்டினம் குரோமியத்தின் பெயரைக் கெடுத்த விஷயம் ஒன்று உண்டு. முந்தைய எலிமென்ட் வடிவத்தில் வளையங்களை இணைக்கும் பாலங்கள் இரண்டே. பின்னால் வரும் பலூனோ நாளத்துக்குள் அல்ட்ராசவுண்ட் படமெடுக்கும் ஐவஸ் கதீட்டரோ, கருவிகளைத் தமனி வாய்வரை கொண்டுபோகும் கைடு கதீட்டரின் நுனியோ ஸ்டென்ட்டின் முகப்பில் தட்டினால், வளையங்கள் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து சுருங்கின. பழியை உலோகத்தின் மேல் போட்டார்கள். காரணம் பாலங்களின் எண்ணிக்கை. துலக்கமான ஸ்டென்ட்டில் மடிப்பும் கண்ணில் படும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பின்வந்த மாடல்களில் முகப்பு வளையங்களுக்குக் கூடுதல் பாலம் கொடுத்தார்கள். எதை வைத்தாலும் கைடு கதீட்டரை ஆழ இறக்காமல் இருப்பதும், பலூன் தடுமாறினால் முட்டித் தள்ளாமல் வயர் ஸ்டென்ட்டுக்குள்தான் போகிறதா என்று சோதிப்பதும் நல்லது.

பலூனை இறக்கியதும் எல்லா உலோகமும் சற்றே சுருங்கும். மீள்தன்மைக் கெழுவோடு ஒப்பிட வளைவலிமை (நிரந்தரமாக உருமாறத் தேவையான விசை) கூடினால் சுருக்கமும் கூடும். கோபால்ட் குரோமியத்தில் இது எஃகைவிடச் சற்று அதிகம். ஆகவே பெயரளவு அழுத்தத்தில் 20, 30 நொடி வைத்திருந்து, மெதுவாக இறக்கி, பிறகு விரியாத பலூனை ஸ்டென்ட்டின் ஓரங்களுக்குள் நிறுத்தி உயர் அழுத்தத்தில் மறுபடி ஊதுகிறோம். ஓரத்தைத் தாண்டி ஊதினால் நாளச் சுவர் கிழியும். கடைசியாக உள்படம்: ஓ.சி.டி.யில் மிகக் குறுகலான இடத்தின் பரப்பு 4.5 சதுர மி.மீ.க்கு மேல், ஐவஸில் 5.5-க்கு மேல், அல்லது அடுத்துள்ள நல்ல நாளத்தின் 80 விழுக்காட்டுக்கு மேல்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்குவது இயல்பு. எஃகு, கோபால்ட் குரோமியம், பிளாட்டினம் குரோமியம் ஆகிய மூன்றில் எதுவும் நிக்கல் இல்லாததல்ல. எஃகில் 10 முதல் 14 விழுக்காடு, எம்.பி.35என் என்ற கோபால்ட் கலவையில் 35 வரை உண்டு. மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் கசிவைக் கட்டுப்படுத்துகிறது. நகை பட்டால் தோல் அரிக்கும் என்பதற்காக மட்டும் ஸ்டென்ட்டை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு மூன்று உலோகமும் 3 டெஸ்லா வரை குறிப்பிட்ட நிபந்தனைகளோடு ஏற்றவை, வைத்த நாளிலேயே எடுக்கலாம். சி.டி. ஆஞ்சியோவில்தான் சங்கடம்: 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டின் உட்புறம் உலோக ஒளிர்வில் மறைந்துவிடும்.

டிஸ்சார்ஜ் தாளில் 'ஒரு ஸ்டென்ட்' என்று மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. மாடல், உலோகம், விட்டம், நீளம், எந்தப் பலூனால் எத்தனை அழுத்தத்தில் கடைசியாக விரிக்கப்பட்டது என்பதெல்லாம் வேண்டும். ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் அடைப்பு வந்தால், இன்னும் எவ்வளவு விரிக்கலாம் என்பதை அப்போது மேசையில் நிற்பவர் அந்தத் தாளிலிருந்துதான் தெரிந்துகொள்வார்.