அக்குள் கட்டிக்கு எந்தக் கோட்?

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் 'வேனல் கட்டி' என்று சொல்லிவிடுவார்கள். காட்பாடியில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுக்கு (மருத்துவக் குறிப்புக்கு) ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலிலிருந்து கோட் போடுகிறவருக்கு அந்தப் பேர் போதாது. மயிர்க்கால் நோய்களில் ஆடிட்டில் (கோட் சரிபார்ப்பில்) தவறென்று அடிக்கடி திரும்பி வருவது அக்குள் சார்ட்.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். வலது அக்குளில் சீழ்க் கட்டி, ஆறு மாதத்தில் மூன்றாவது முறை. பரிசோதனைப் பகுதியில் இரட்டைத் தலைக் கரும்புள்ளி, கயிறு போன்ற தழும்பு, தோலுக்கடியில் சைனஸ் டிராக்ட் (சீழ் ஓடும் சுரங்கப் பாதை). கடைசி வரியில் டாக்டர் எழுதியிருப்பது 'அப்செஸ்' (சீழ்க் கட்டி) மட்டும். அப்படியே போட்டால் எல்02.411. ஆனால் மேலே உள்ள குறிகள் எல்லாம் ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவாவை (அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் திரும்பத் திரும்பக் கட்டி வரும் நாள்பட்ட மயிர்க்கால் நோயை) காட்டுகின்றன: அதற்கே உரிய புண், அதற்கே உரிய இடம், ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்குக் குறையாமல் வருவது. அதற்குக் கோட் எல்73.2. அதற்காக நாமே மாற்றிப் போடக்கூடாது. நோயைச் சொல்லவேண்டியவர் டாக்டர். அவருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி, அனுப்ப வேண்டும். 'இது ஹைட்ராடினைடிஸா?' என்று கேட்டால் விடையை நாமே ஊட்டியதாகும். குறிகளை வரிசையாக எழுதி, 'இவற்றுக்குரிய டயக்னோசிஸ் என்ன?' என்று கேளுங்கள்.

எல்73.2-இல் வலது, இடது என்ற பிரிவு கிடையாது. நோயின் தீவிரத்தைச் சொல்லும் ஹர்லி நிலை ஒன்றானாலும் மூன்றானாலும் அதே கோட்தான். செய்த சிகிச்சைக்குக் கோட் வேறு, அது சிபிடி பட்டியலில் இருக்கிறது: கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தால் 10060. பல கட்டி அல்லது சிக்கலானதென்றால் 10061. அக்குள் தோலையே வெட்டி எடுத்தால் 11450, காம்ப்ளெக்ஸ் ரிப்பேர் (சிக்கலான தையல்) செய்திருந்தால் 11451. இதற்கு ஆபரேஷன் நோட்டை வரி விடாமல் படிக்க வேண்டும்.

இனி மற்ற மயிர்க்கால் நோய்கள். வெறும் 'ஃபாலிகுலைடிஸ்' (மயிர்க்கால் அழற்சி) என்றால் எல்73.9. ஆழமானது என்று எழுதியிருந்தால் கோட் புத்தகத்தின் இண்டெக்ஸ் ஃபுரங்கிளுக்கு (மயிர்க்காலில் வரும் ஆழமான சீழ்க்கட்டிக்கு), அதாவது எல்02-க்கு, அனுப்பும். சவரத்தால் முடி உள்வளர்ந்த தாடைக்கு எல்73.1, பிடரியில் தடித்த கெலாய்டு முண்டுகளுக்கு எல்73.0. தாடியில் படர்தாமரை என்று உறுதியானால் பி35.0; இதை மயிர்க்கால் வரிசையிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கல்ச்சரில் (கிருமிப் பரிசோதனையில்) எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துக்கு அடங்காத கிருமி வந்து, அதுதான் காரணம் என்று டாக்டரும் எழுதியிருந்தால் பி95.62-ஐக் கூடவே சேர்க்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்ற சொற்களில். வெளிநோயாளி சார்ட்டில் சந்தேக நோய்க்குக் கோட் இல்லை. அறிகுறிக்குத்தான் போட வேண்டும். உள்நோயாளி டிஸ்சார்ஜில் அதே சொல் இருந்தால் நோயாகவே போடலாம்.

தழும்போடு தலைமுடி உதிர்வது எல்66 குடும்பம். 2024 அக்டோபர் 1 முதல் எல்66.1-ம் எல்66.8-ம் தனியாகச் செல்லாது, இன்னொரு இலக்கம் வேண்டும். ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியாவுக்கு (நெற்றியோரம் தழும்போடு முடி உதிர்வதற்கு) எல்66.12. மானிட்டர் ஓரத்தில் பழைய கோட் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.