மண்ணில்லாக் கீரையும் மின்கட்டணமும்

சிங்கப்பூரில் மண்ணில்லாமல் நீரிலேயே கீரை வளர்க்கும் பண்ணைகள் அடுத்தடுத்து மூடப்படுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019இல் அரசு தரப்பில் இலக்கு வைத்தார்கள். 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு, 2035க்குப் புது இலக்குகளை அறிவித்துவிட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்த முறையைக் குறை சொல்லவே முடியாது. ஒரே நீர் குழாய்களில் சுற்றிச் சுற்றி வருவதால் வயலுக்குப் பாய்ச்சுவதில் சிறு பங்குதான் செலவாகும். கையைக் கடிப்பது மின்சாரம். மூடிய கட்டடத்துக்குள் வெயில் சும்மா தருகிற ஒளியை எல்இடி விளக்குகளிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். விளக்குகளின் சூட்டைத் தணிக்கக் குளிர்சாதனம் வேறு. இங்கே மின்சாரமோ பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவில் உற்பத்தியாவது. 2022இல் எரிவாயு விலை எகிறியபோது எத்தனை பேர் திணறியிருப்பார்கள்!

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கங்குங் என்கிற நீர்க்கீரையும் முளைக்கீரையும் கட்டுக்கட்டாக மலேசியாவிலிருந்து வந்து மலிவாக விற்கின்றன. இந்தப் பண்ணைகளிலிருந்து வேரும் பஞ்சுத்துண்டுமாகப் பெட்டியில் வரும் லெட்டூஸ் விலையில் அவற்றோடு எப்படிப் போட்டி போடும்? நாம் தினமும் சமைக்கிற கீரையை, வெயில் விழும் கார்நிறுத்தக் கூரைகளில் வளர்ப்பதே பிழைக்கிற வழி என்று உறுதியாக நம்புகிறேன். பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆண்டு ஒப்பந்தம் போட்டு வாங்கினால் அந்த விவசாயிகள் துணிந்து விதைப்பார்கள்.

உங்கள் வட்டாரத்தில் உள்ளூர்க் கீரை எந்தக் கடையில் கிடைக்கிறது? சொல்லுங்கள், அங்கேயே வாங்குகிறேன்.