பாறை இடுக்கில் ஒரு தவளை

பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் எல்லோரும் கிரிக்கெட்டையும் அதிபரின் பிரம்பையும் எழுதுவார்கள். நான் ஒரு தவளையைப் பற்றி எழுதுகிறேன். மாத்தளையில் என்னோடு உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

எங்கள் விலங்கியல் சேருக்கு நக்கிள்ஸ் மலை என்றால் உயிர். "போத்தலுக்குள்ள கிடக்கிறது செத்தது. உயிரோட பார்க்கணும்னா ரிவஸ்டன் பக்கம் வாங்க" என்பார். அப்படித்தான் ரத்தோட்டை வழியாக மேலே ஏறினோம்.

தேடிப் போனது நக்கிள்ஸை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பாறைத் தவளை. விலங்கியலாளர் கீர்த்திசிங்க 1946 இல் நனோஃப்ரிஸ் மார்மொராட்டா என்று பெயரிட்டது. பெயர்தான் பெரிது, ஆள் பெருவிரல் நீளம்தான்.

ஓடைத் தவளைதான், ஆனால் ஓடைத் தண்ணீருக்குள் தேடக்கூடாது என்பது சேரின் முதல் பாடம். "தண்ணிய விடுங்க, பாறையப் பாருங்க." முதலில் கண்ணில் பட்டவை வாற்பேய்கள், அதாவது தவளைக் குஞ்சுகள். நீர் கசிந்து மினுங்கும் பாறை முகத்தில், விரலால் தொட்டால் மட்டுமே தெரியும் ஈரத்தில், கறுப்பாக ஒட்டிக் கிடந்தன. நீந்தவில்லை, நீண்ட வாலை அசைத்து அசைத்துப் பாறையில் ஊர்ந்தன. அதற்கு மேலே ஒரு வெடிப்பில், உண்டியல் வாயில் சிக்கிய காசு மாதிரித் தட்டையாக, தவளை. பழுப்பு உடம்பில் பாறையின் புள்ளிகளே படர்ந்திருந்தன. அது கண்ணை அசைத்திராவிட்டால் கடந்து போயிருப்போம். முட்டைகளுக்குக் காவல் இருப்பது ஆண் தவளை என்று சேர் சொன்னதும் எங்கள் வகுப்புப் பெண்கள் கைதட்டியது தனிக்கதை.

பிடிக்க மட்டும் சேர் விடவில்லை. அதன் உறவுக்காரத் தவளை நனோஃப்ரிஸ் குந்தேரி 1882 இல் விவரிக்கப்பட்டது. அப்புறம் யார் கண்ணிலும் படாமல், இன்று அழிந்த இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஏலக்காய்க்காக அடிக்காட்டை வெட்டிய இடங்களைக் காட்டி, "வெயில் பாறைக்கு வந்தா இந்த ஈரம் காஞ்சிடும். வாற்பேய் எங்க போகும்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2010 இல் நக்கிள்ஸ் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காட்டுக்குள் நுழைய வனத் திணைக்கள அனுமதி வேண்டும். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசலாம், ஆனால் அந்தக் காலோடு ஓடையில் இறங்கிவிடாதீர்கள். சேர் இருந்திருந்தால் ஏசியிருப்பார்.