‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி விழுங்கச் சொன்னால்

தோழி ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் பண்ணினாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. ஏதேதோ சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒண்ணு கேட்கணும்டி, தப்பா நினைக்காதே" என்று ஆரம்பித்தாள். வாய்வழி உறவின்போது விந்தை விழுங்கிவிடச் சொல்கிறாராம் கணவர். இவளுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வேண்டாம் என்றால், "அதுல எவ்வளவு சத்து இருக்குன்னு தெரியுமா, முகம் பளபளன்னு ஆகும், மனசு லேசாகும், உடம்புக்கு நல்லதுதானே" என்று போனில் எதையோ எடுத்துக் காட்டுகிறாராம். "நெஜமாவே நல்லதாடி? இல்ல நான்தான் தேவையில்லாம அடம்பிடிக்கிறேனா?" என்று கேட்டாள்.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வருகிறவர்களின் விந்து மாதிரியை அளந்து, பார்த்து, எழுதுவது என் அன்றாட வேலை. டப்பாவை முதலில் வெறுமையாக எடை போட்டு வைத்திருப்போம், மாதிரி வந்ததும் மறுபடி எடை போடுவோம், வித்தியாசம்தான் அளவு. வந்த புதிதில் கூழ் மாதிரி திரண்டு இருக்கும், சாம்பல் கலந்த வெள்ளை நிறம். அரை மணி நேரத்தில், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக, நீர்த்துவிடும். அப்புறம்தான் சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு, அளவு 1.4 மில்லிக்குக் குறையக்கூடாது என்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 மில்லிக்குள் இருக்கும். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. அவ்வளவுதான் மொத்தமே.

இப்போது அந்தச் ‘சத்து’க் கணக்கு. விந்தில் புரதம் இருக்கிறது, ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, துத்தநாகம், சிட்ரிக் அமிலம் எல்லாம் இருக்கின்றன, இதில் பொய் இல்லை. பெரும்பகுதி விந்துப்பையில் சுரக்கிறது, அடுத்த பங்கு புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது, விந்தணுக்கள் என்று பார்த்தால் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் புரதம். 100 மில்லி யாருக்கும் வருவதில்லை. மூன்றரை மில்லி என்று வைத்துக்கொண்டால் 0.17 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, அதை ஈடுகட்ட 35 தடவை ஆகும். துத்தநாகம் அரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 8 மில்லிகிராம். கலோரி ஒன்றிரண்டு கூடத் தேறாது. வாயில் போவது எதுவானாலும் வயிறு அதை மற்ற உணவைப் போலத்தான் செரிக்கும், இதற்கென்று தனி வழி எதுவும் உடம்பில் கிடையாது.

மனச்சோர்வு போகும் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் 293 மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2002இல் வெளிவந்தது. ஆணுறை இல்லாமல் உறவு கொண்டவர்களிடம் மனச்சோர்வுக்கான மதிப்பெண் குறைவாக இருந்ததாம். அவர்கள் கேட்டது யோனிவழி உறவைப் பற்றி, விழுங்குவதை அவர்கள் ஆராயவில்லை. மேலும் ஆணுறை வேண்டாம் என்கிற அளவுக்கு நம்பிக்கையான உறவில் இருக்கும் பெண்ணுக்கு மனசு லேசாக இருப்பதற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம், அந்த ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீஎக்லாம்ப்சியா. கணவனின் விந்துக்கு உடம்பு முன்கூட்டியே பழகியிருந்தால் அது குறையலாம் என்று நெதர்லாந்தில் 2000இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, நூற்றுக்கும் குறைவான பெண்கள்தான். யோசித்துப் பார்க்க வேண்டிய கருத்து, மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு கர்ப்பிணியிடம், குழந்தைக்கு நல்லது, விழுங்கு என்று சொன்னால் அது மருத்துவம் ஆகாது. முகம் பளபளப்பு விஷயத்தில் சொல்ல எதுவுமே இல்லை, பரு போகும் என்று தடவிக்கொண்டு கண்ணில் பட்டால் சிவந்து எரிவதுதான் மிச்சம்.

கெடுதலா என்றால், நோய் இல்லாத ஒருவரின் விந்து வயிற்றுக்குள் போவதால் ஒன்றும் ஆகாது, விஷம் கிடையாது, வாய்வழியாகக் கர்ப்பமும் ஆகாது. ‘நோய் இல்லாத’ என்பதுதான் இங்கே முக்கியம். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெர்பிஸ், ஹெச்பிவி என்கிற வைரஸ் எல்லாமே வாய்வழி உறவில் தொற்றும். விழுங்கினாலும் துப்பினாலும் தொற்றும். ஹெச்ஐவி இந்த வழியில் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் ஈறில் புண்ணோ ரத்தக்கசிவோ இருந்தால் கூடும். தொண்டையில் வரும் கொனோரியா பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாது, அதனால் வந்திருப்பதே தெரியாமல் நாள் போகும். ஹெச்பிவியின் சில வகைகள் பல வருடம் கழித்துத் தொண்டைப் புற்றுநோயாக முடிவதும் உண்டு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்ளும்வரை ஆணுறை போட்டுக்கொள்ளச் சொல்வேன். அப்புறம், அரிதாகச் சிலருக்கு விந்தில் உள்ள புரதமே ஒவ்வாமையைக் கிளப்பும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், சிலருக்கு மூச்சுத்திணறல்கூட வரலாம். 1958லேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம் இது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்துவிட்டு ஒன்று கேட்டேன். "இதுல சொல்லிக்கிற மாதிரி ஒரு சத்தும் இல்லன்னு இப்ப தெரிஞ்சிடுச்சு. ஒருவேளை இருந்திருந்தா? அப்ப உனக்குக் குமட்டுறது இல்லன்னு ஆகிடுமா?" ரொம்ப நேரம் பேசவில்லை அவள். விருப்பப்பட்டுச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு எந்தச் சத்துக் கணக்கும் தேவைப்பட்டதில்லை. விருப்பமில்லாத இடத்தில்தான் இந்த மருத்துவக் கதை வருகிறது, வந்ததும் வேண்டாம் என்ற பெண் குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறாள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மறுநாள் ராத்திரியும் போன் வந்தது. இந்தத் தடவை அவளுக்குப் பின்னால் கணவர் குரல் கேட்டது, கொஞ்சம் தயக்கமாக. அவளே ஸ்பீக்கரில் போட்டாள். "சிஸ்டர், இது அவ்வளவு சாதாரணமான விஷயம்னா, ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம்னு சொல்றாங்களே, அது?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னிடம் டப்பாவை நீட்டுகிற ஆண்களில் சிலர் இதையே வேறு மாதிரி கேட்பார்கள், "இவ்வளவு போனா உடம்பு வீக் ஆகிடாதா மேடம்?" என்று. அள்ள அள்ளக் குறையும் அமுதம் என்று நம்புகிறவனுக்கு, வெளியே போனால் பயம், வீணாகக் கொட்டினால் வருத்தம், மனைவி துப்பினால் அவமானம். விழுங்கச் சொல்வதும் விடப் பயப்படுவதும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகிறது.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் ஏழு தாதுக்களைச் சொல்கின்றன, உண்ட உணவு சாரமாகி, ரத்தமாகி, ஊன், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று போய்க் கடைசியில் சுக்கிலமாகிறது, அதாவது விந்தாகிறது என்று. அரிஸ்டாட்டிலும் விந்தை ரத்தம் பக்குவப்பட்டு வந்த பொருள் என்றுதான் நினைத்தார். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் திஸோ 18ஆம் நூற்றாண்டில் ஒரு அவுன்ஸ் விந்து 40 அவுன்ஸ் ரத்தத்துக்குச் சமம் என்றே எழுதிவைத்தார். 1889இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்ற 72 வயதுப் பேராசிரியர், நாயின் விரையிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். 2019இல்கூட அயர்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி வந்தது. முதுகுவலி போகும் என்று ஒன்றரை வருடமாகத் தன் விந்தைத் தன் கையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, கை சிவந்து வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாராம்.

அவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. விந்து ரத்தத்தைப் பிழிந்து எடுப்பது இல்லை அண்ணா, சுரப்பிகள் சுரப்பது, எச்சில் மாதிரி, போனால் இரண்டு மூன்று நாளில் மறுபடி நிரம்பிவிடும், விடாமல் வைத்திருந்தாலும் பழைய விந்தணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், தூக்கத்தில் வெளியேறுவதும் நோய் கிடையாது என்றேன். இந்தப் பயத்திலேயே களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு என்று தவிக்கிறவர்களுக்காக 1960இல் டாக்டர் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் ‘தாது சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயரே வைத்தார், உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், மனநல மருத்துவரிடம் பேசினால் சரியாகும் என்றும் சொன்னேன்.

"பதினாலு வயசிலேர்ந்து பயந்துட்டு இருக்கேன் சிஸ்டர்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. போன் அவள் கைக்கு மாறியது. "வெளியே போய் நிக்கிறார்டி. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.