ஆம்ப் மாற்றும் முன் ஒரு 33 ஓம் ரெசிஸ்டர்

மேசையில் இருப்பவை மூன்று: மதர்போர்டின் ஹெட்ஃபோன் ஜாக், அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு பழைய ஆம்ப் (ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்), அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளிவரும் கரண்டுக்கு ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை) 1 ஓமுக்கும் குறைவு என்று அளவுத்தாளில் போட்டிருக்கும் ஒரு புதிய ஆம்ப். கேட்கும் பக்கம் நான்கு: சென்ஹைசர் எச்டி 650, ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ், ஹைஃபைமேன் எச்இ-6, பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் (நுண்ணிய ஒலி இயக்கிகள்) கொண்ட ஓர் இன்-இயர் (காதுக்குள் செருகும் இயர்ஃபோன்). பழையதை வைத்துக்கொண்டே போகலாமா, மாறினால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா என்பதுதான் கேள்வி. சோதித்த வரிசையிலேயே குறிப்புகள் கீழே.

எத்தனை வோல்ட் வேண்டும்

அட்டைப்பெட்டியில் போடும் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம்) எண்ணில் இரண்டு வகை உண்டு. சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று கொடுப்பார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும். மாற்றுவது எளிது: 1000-ஐ ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸால் (ஓம் எண்) வகுத்து, லாக் (10-அடி மடக்கை) எடுத்து, 10-ஆல் பெருக்கி, மில்லிவாட் எண்ணோடு கூட்டினால் வோல்ட் எண். எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபெல், 14.2 கூட்டினால் வோல்ட்டுக்கு 113. எச்டி 650-க்கு வோல்ட்டுக்கு 103 என்றே கொடுத்திருக்கிறார்கள். 99, 103 என்ற எண்களை மட்டும் பார்த்தால் எச்டி 650-ஐ ஓட்டுவது சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதே வோல்ட்டேஜில் எம்50எக்ஸ் 10 டெசிபெல் உரக்கப் பாடும்.

இலக்கு: உச்சத்தில் 110 டெசிபெல். யாரும் அந்த அளவில் உட்கார்ந்து கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. சராசரி 80-ல் ஓடும் ஆர்கெஸ்ட்ரா பதிவில் முரசு விழும் நொடிக்கு 30 டெசிபெல் வரை மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக.

எம்50எக்ஸ்: 0.7 வோல்ட், 13 மில்லிவாட். எச்டி 650: 2.24 வோல்ட், 17 மில்லிவாட், கரண்ட் 7.5 மில்லியாம்ப். எச்இ-6: 50 ஓம், மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான், 4.73 வோல்ட், 447 மில்லிவாட், 95 மில்லியாம்ப். முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் (செருகும் குட்டி ஹெட்ஃபோன் அடாப்டர்) சுமார் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி). எம்50எக்ஸுக்கு அது தாராளம். எச்டி 650-ல் 103 வரை போகும், பெரும்பாலோருக்கு அதுவே போதும். எச்இ-6-க்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆம்ப் விளம்பரத்தில் "32 ஓமில் 1 வாட்" என்று இருந்தால் அதையும் வோல்ட்டாக மாற்றிப் படிக்க வேண்டும்: 5.66 வோல்ட், 177 மில்லியாம்ப். அதே ஆம்ப் 300 ஓமில் 107 மில்லிவாட்தான் தரும். எண் சுருங்கியதைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. எச்டி 650-க்கு அது 118 டெசிபெல். 500 மில்லிவாட்டிலிருந்து 1 வாட்டுக்குப் போவது 3 டெசிபெல், வால்யூம் குமிழின் ஒரு சிறு திருப்பு. வாட் எண்ணைத் துரத்தி ஆம்ப் மாற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கணக்குப் போட்டாலே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

ஈக்யூ (ஈக்வலைசர்) போடுபவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. பேஸை 6 டெசிபெல் தூக்கினால், டிஜிட்டலில் கிளிப் ஆகாமல் (அலையின் உச்சி வெட்டுப்படாமல்) இருக்க மொத்த அளவையும் 6 டெசிபெல் இறக்க வேண்டும். பழைய சத்தத்தைத் திரும்பப் பெற ஆம்ப் இரட்டை வோல்ட்டேஜ் தர வேண்டும். எச்டி 650-க்கு 4.5 வோல்ட், எச்இ-6-க்கு 9.5 வோல்ட், 1.8 வாட். "பழைய ஆம்ப் ஈக்யூ போட்டதும் சோர்ந்துவிட்டது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அவுட்புட் இம்பீடன்ஸை அளந்தது

தேவையானவை: 33 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர், கழற்றிய 3.5 மிமீ பிளக்கில் சால்டர் செய்த இரண்டு கம்பி. கணினியில் 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓட விடவும். சாதாரண மல்டிமீட்டர்கள் ஏசி வோல்ட்டைச் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாகக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் அளந்து குழம்ப வேண்டாம். சுமை இல்லாமல் 0.500 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பி, அதன்பின் குமிழைத் தொடாமல் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 33-ஆல் பெருக்கினால் இம்பீடன்ஸ்.

மதர்போர்டு ஜாக்: 0.154 வோல்ட்டுக்கு விழுந்தது, 74 ஓம். பழைய ஆம்ப்: 0.384, 10 ஓம். புதியது: 0.489, 0.74 ஓம். கடைசி எண்ணில் மீட்டர் ஒரு மில்லிவோல்ட் அசைந்தாலே 0.07 ஓம் மாறும், கம்பியும் பிளக் தொடுமுனையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே "1-க்குக் கீழே" என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் ஒன்றாக இருப்பதில்லை. எச்டி 650 பெயருக்குத்தான் 300 ஓம். 90 ஹெர்ட்ஸ் வாக்கில் 500 பக்கம் ஏறும். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸும் இதுவும் சேர்ந்து வோல்ட்டேஜைப் பங்கு போடுவதால், இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் சத்தமும் ஏறும். 10 ஓமில் அந்த ஏற்றம் 0.11 டெசிபெல், காதுக்கு எட்டாது. ஐஇசி 61938 தரநிலை 1996-ல் பரிந்துரைத்த 120 ஓமில் ஒரு டெசிபெல். பேஸ் கொஞ்சம் தடித்து "வெதுவெதுப்பாக" கேட்கும். ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பின் இனிமை என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப்களின் அவுட்புட் பல பத்து ஓம் இருப்பது சாதாரணம். 300, 600 ஓம் ஹெட்ஃபோனோடு அவை நன்றாகப் போகும்; 32 ஓமோடு திணறும். எச்இ-6 போன்ற பிளானர்களின் (தட்டைச் சவ்வு ஹெட்ஃபோன்களின்) இம்பீடன்ஸ் கோடு போட்டது போல் தட்டை. அதனால் ஒலியின் நிறம் மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

இன்-இயரில்தான் கதை தலைகீழ். பல ஆர்மேச்சர் மாடல்கள் ஓரிடத்தில் 30 ஓம், இன்னோரிடத்தில் 5 ஓம் என்று குதிக்கும். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே புதிய ஆம்பில் 1 டெசிபெல் வித்தியாசம் வரும், பழைய ஆம்பில் 7, மதர்போர்டில் 13. அளவைப் பார்க்காமலே, ஒரு சிம்பல் தட்டைக் கேட்டாலே தெரிந்துவிடும்: மதர்போர்டில் அதன் மேல் சிணுங்கல் போய், தகரத்தைத் துணியில் சுற்றித் தட்டியது போலிருக்கும். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்ப் இருக்க வேண்டும் என்ற விதி எல்லோரும் சொல்வது. இன்-இயருக்கு அதைப் பெட்டியில் போட்ட சராசரி எண்ணால் பார்க்காமல், மிகக் குறைந்த புள்ளியால் பார்க்க வேண்டும்.

கெயினும் குமிழும்

புதிய ஆம்ப் வந்ததும் ஹை கெயினில் (கெயின் என்பது ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் மடங்கு) போட்டு "அடேயப்பா, என்ன பவர்" என்று வியப்பது வழக்கம். டாக் (DAC, டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தருகிறது. எச்டி 650-க்கு வேண்டியது 2.24. அதாவது கெயினே அநேகமாகத் தேவையில்லை. ஹை கெயினில் குமிழ் எட்டு, ஒன்பது மணி இடத்தைத் தாண்டாது. விலை குறைந்த பொட்டென்ஷியோமீட்டர்களில் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) இடது வலது சமநிலை தவறுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். பாடகர் இடப்பக்கம் நகர்ந்துவிட்டார் என்றால் ஆம்ப் கெட்டுப்போகவில்லை. கெயினைக் குறைத்து, அதுவும் போதாவிட்டால் கணினி வால்யூமை 10, 15 டெசிபெல் இறக்கி, குமிழைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். 24 பிட்டில் அந்த இறக்கத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

2011-ல் வந்த ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்பின் திறந்த வடிவமைப்பு இதற்கு நல்ல பாடம். அதில் கெயின் நிலை குமிழுக்கு முன்னால் இருக்கிறது. இரைச்சலையும் சேர்த்துக் குமிழ் அடக்கும் என்பது லாபம். ஆனால் 6.5 மடங்கு கெயினில் 2 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே 13 வோல்ட் வேண்டும். ±12 வோல்ட் சப்ளையில் 7 வோல்ட் சொச்சத்துக்கு மேல் போகாது. குமிழைக் குறைத்து வைத்தாலும் கரகரப்பு நிற்காது, ஏனென்றால் வெட்டு குமிழுக்கு முன்பே விழுந்துவிட்டது. 2.5 மடங்கில் இந்தத் தொல்லை இல்லை. சால்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் கெயினை மாற்றலாம்: 1.5 கிலோ ஓமை கெயின் ரெசிஸ்டரால் வகுத்து 1 கூட்டினால் மடங்கு. 1 கிலோ ஓம் போட்டால் 2.5, ரெசிஸ்டரையே எடுத்துவிட்டால் 1.

உஸ் சத்தம்

இன்-இயர் வோல்ட்டுக்கு 125 டெசிபெல் தந்தால், ஆம்பின் 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் காதில் 31 டெசிபெல்லாக விழும். அமைதியான அறையில் பளிச்சென்று கேட்கும். 5 மைக்ரோவோல்ட் என்றால் 19, 2 என்றால் 11. வழக்கமான மல்டிமீட்டரால் இதை அளக்க முடியாது, காதுதான் கருவி. எதையும் ஓட விடாமல் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அங்கேயே உஸ் இருந்தால் ஆம்பின் அவுட்புட் நிலையின் இரைச்சல். ஆம்பை மாற்றினால்தான் போகும். திருப்பத் திருப்பக் கூடினால் டாக்கிலிருந்தோ கெயின் நிலையிலிருந்தோ வருகிறது. அளவீட்டு வரைபடங்களில் 120 டெசிபெல் சைனாட் (இரைச்சலும் சிதைவும் சேர்ந்ததை விடச் சிக்னல் எவ்வளவு மேலே என்ற அளவு) எல்லாம் பெரும்பாலும் 2 அல்லது 4 வோல்ட்டில் எடுத்தவை. இன்-இயருக்கு வாங்குபவர் பார்க்க வேண்டியது 50 மில்லிவோல்ட்டில் எடுத்த எண்ணை. மற்ற ஹெட்ஃபோன்களுக்கு 100-ஐத் தாண்டிய சைனாட் பந்தயத்தைக் காது கண்டுகொள்ளாது.

மறைத்து ஒப்பிட்டது

டாக்கின் அவுட்புட்டை ஒய் கேபிளில் பிரித்து இரண்டு ஆம்புக்கும் கொடுத்து, இரண்டின் அவுட்புட்டையும் ஒரு சுவிட்ச் வழியாக ஹெட்ஃபோனுக்கு. சுவிட்ச் ஒன்றை விட்ட பிறகே மற்றதைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும் கணத்தில் இரண்டு ஆம்பும் ஒன்றோடொன்று மோதும். இரண்டும் ஆன் நிலையிலேயே இருக்கட்டும். அணைத்த ஆம்பின் இன்புட் சில சமயம் டாக்கை இழுத்துச் சிதைக்கும்.

சத்தத்தைச் சமன் செய்வதில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் கோட்டை விடுகின்றன. 0.1 டெசிபெல்லுக்குள் என்றால் வோல்ட்டேஜ் 1.2 சதவீதத்துக்குள், 0.500-க்கு 0.006 வோல்ட். ஹெட்ஃபோனைச் செருகிய நிலையில் அளக்க வேண்டும், 400 ஹெர்ட்ஸ் டோனில். 90 ஹெர்ட்ஸ் மேட்டின் மீது அளந்தால் மற்ற இடங்களில் சமன் தவறிவிடும். அரை டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் "சத்தம் கூடுதல்" என்று சொல்லாது, "தெளிவு", "ஆழம்" என்று தீர்ப்பு எழுதிவிடும்.

இன்னொருவர் நாணயம் சுண்டி சுவிட்சை மாற்ற, 16 முறை. 12 சரியாக வந்தால் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. எச்டி 650-ல் பழையது, புதியது: 16-ல் 9. எம்50எக்ஸில் 8. இன்-இயரில் 16-ம் சரி. எச்இ-6-ஐ இந்தச் சோதனைக்கே எடுக்கவில்லை. பழைய ஆம்ப் உச்சத்தில் கரகரத்ததால் மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

சில்லறைத் தொல்லைகள்

யூஎஸ்பி செருகியதும் மவுஸ் அசைவோடு கிர்ரென்று ஒலி வந்தால் அது பெரும்பாலும் கிரவுண்டு லூப் (கருவிகளின் கிரவுண்டு கம்பிகள் வளையமாகி இரைச்சலைச் சுமப்பது). ஆம்பை மாற்றினால் தீராது. முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பார்க்கவும். தீராவிட்டால் டாஸ்லிங்க் ஒளியிழைக் கேபிள், அல்லது ஏடியுஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர். அந்தச் சிப் 12 மெகாபிட் வேகம்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும், அதற்கு மேல் கேட்கும் டாக் இணையாது.

பல ஆம்ப்களின் அடாப்டர் ஏசி தருவது, டிசி அல்ல. பிளக் பொருந்துகிறதே என்று வேறொன்றைச் செருகாதீர்கள். டிசி ஆஃப்செட்டை (பாட்டு ஓடாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் டிசி வோல்ட்டேஜை) ஹெட்ஃபோன் மாட்டும் முன்பே மீட்டரின் 200 மில்லிவோல்ட் அளவில் பார்த்துவிடலாம். 10-க்குக் கீழே நிம்மதி, 50-ஐத் தாண்டினால் குறைந்த ஓம் இன்-இயரை அதில் மாட்டக் கூடாது.

பேலன்ஸ்டு அவுட்புட் (இடது, வலது பக்கங்களுக்குத் தனித்தனி நெகட்டிவ் உள்ள இணைப்பு): வோல்ட்டேஜ் இரட்டிப்பு, அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பு. எச்இ-6-க்கு உதவும், மற்றவற்றுக்கு வேறு ஜாக், அவ்வளவே. 4.4 மிமீ ஜாக்கிலிருந்து சாதாரண 3.5 ஹெட்ஃபோனுக்குப் போகும் அடாப்டர் மட்டும் வேண்டாம். இரண்டு பக்க நெகட்டிவும் ஒட்டி அவுட்புட் நிலை எரியக்கூடும். சாதாரண ஆம்பில் பேலன்ஸ்டு கேபிள் ஹெட்ஃபோனைப் போடும் எதிர்த்திசை அடாப்டரில் ஆபத்தில்லை.

இப்போதைய நிலை: எச்டி 650-ம் எம்50எக்ஸும் பழைய ஆம்பிலேயே, லோ கெயினில். இன்-இயரும் எச்இ-6-ம் புதியதில். இன்-இயருக்கு லோ கெயின், எச்இ-6-க்கு ஹை. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டும் முன் குமிழ் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும்: எச்இ-6-க்கு வைத்த 4.7 வோல்ட், இந்த இன்-இயரில் 138 டெசிபெல்.